வைட்டமின் என்னும் சொல்

(மதுரை காளவாசலில், சுற்றுவட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இவ்விடத்திற்குக் காளவாசல் என்பது பெயர். சுண்ணாம்போ செங்கல்லோ சுடும் சூளைக்குக் காளவாசல் என்றும் காளவாய் என்றும் நம் முன்னோர் பெயரிட்டிருந்தனர். இன்று இந்த நாற்சந்தியில் பேருந்தின் புகையன்றிச் சூளையின் புகை இல்லை. பொருள் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. நான் பேச வந்திருப்பது இதற்கு நேர்மாறான ஒரு செய்தியைப் பற்றி. பொருள் நம்மிடம் என்றும் இருந்து வருகிறது. பெயர்தான் பிற்காலத்தில் வெளியிலிருந்து வந்தது. வந்த பெயரை நாம் எல்லோரும் வழங்குகிறோம். ஆனால் அதன் பொருளை அறிந்து வழங்குகிறோமா என்பதே கேள்வி. அந்தப் பெயர் வைட்டமின்.

உணவைப் பற்றிய ஆங்கிலச் சொற்கள் எல்லாம் தொல்லை தருவன அல்ல. கால்சியம் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. தமிழிலே அதனைச் சுண்ணாம்புச் சத்து என்கிறோம். சுண்ணாம்பு சுட்ட ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை. எலும்புக்கும் பல்லுக்கும் அது வேண்டும், கேழ்வரகிலும் பாலிலும் அது மிகுதி என்று சொன்னால் எவரும் புரிந்துகொள்வர். இரும்புச் சத்தும் அப்படியே. ஆனால் வைட்டமின் என்ற சொல் கையில் எந்தப் பொருளையும் காட்டாமல் வந்து சேர்ந்தது. மருந்துச் சீட்டிலே வந்தது, டானிக் புட்டியின் மேல் ஒட்டிய தாளிலே வந்தது, கடைப் பலகையிலே வந்தது. ஆதலின் அவரவர் தமக்குத் தோன்றிய பொருளை அதற்குக் கொடுத்துக்கொண்டனர்.

அந்தப் பொருள் யாது? பெரும்பாலும் "பலம்" என்பதே. களை பறித்துவிட்டு வந்து உடம்பு வலித்தால் "ஒரு வைட்டமின் ஊசி போடுங்கள், டாக்டர்" என்கிறோம். பிள்ளை மெலிந்திருந்தால் "வைட்டமின் பற்றாது" என்கிறோம். சினை பிடிக்காத மாட்டுக்கும் அதே சொல். மாத்திரை விழுங்கிய மறுநாள் சிறுநீர் மஞ்சளாகப் போனால், சத்து உடம்பிலே ஊறிவிட்டது என்று மகிழ்வோரும் உண்டு. உண்மையில் அந்த மஞ்சள் நிறம் ரைபோஃபிளேவின் எனப்படும் பி2 வைட்டமினுடையது. உடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிகுந்ததை வெளியே தள்ளியதன் அடையாளம் அது. காசு கொடுத்து வாங்கியதில் ஒரு பங்கு அப்படிக் கழிந்துபோகிறது.

இச்சொல்லின் வரலாற்றை அறிந்தால் பொருள் தானே விளங்கும். அவ்வரலாறு தொடங்குவது நெல்லிலும் கோழியிலும். ஆகவே உழவர்களுக்கு அது அயலாகத் தோன்றாது.

ஏறத்தாழ 1890-ஆம் ஆண்டையொட்டி, டச்சுக்காரர் ஆண்ட ஜாவாத் தீவில் பெரிபெரி என்னும் நோய் பலரை வாட்டியது. கால் மரத்து, நரம்பு தளர்ந்து, சிலருக்கு உடம்பு வீங்கி, இதயம் ஓய்ந்து மரணம் நேரும். அது ஏதோ கிருமியினால் வருவது என்று எண்ணி ஆராய்ந்துகொண்டிருந்தார் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர். அவர் வளர்த்த கோழிகளுக்கு அதே போன்ற நோய் கண்டது. பிறகு ஒருநாள் மருந்தின்றியே நீங்கிற்று. காரணத்தைத் தேடியபோது கிடைத்த செய்தி வேடிக்கையானது. மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைக் கோழிக்குப் போட்டு வந்திருக்கின்றனர். புதிதாக வந்த சமையற்காரர், படைவீரருக்குரிய அரிசியைக் கோழிக்குத் தர இயலாது என்று மறுத்துவிட்டார். அதன்பின் தீட்டாத மலிவு அரிசியைத் தின்ற கோழிகள் பிழைத்துக்கொண்டன. நோயைத் தீர்த்தது தவிட்டிலே இருந்த ஏதோ ஒன்று. இக்கண்டுபிடிப்பின் பொருட்டு எய்க்மானுக்கு 1929-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பெயர் தெரியாத அச்சமையற்காரருக்கு ஒன்றும் கிடைத்ததாகத் தெரியவில்லை!

அந்த "ஏதோ ஒன்று"க்குப் பெயர் சூட்டியவர் வார்சாவில் பிறந்து இலண்டனில் ஆராய்ச்சி செய்த காசிமிர் ஃபங்க் என்பவர். 1912-இல் அவர் அமைத்த சொல்தான் வைட்டமின். "வீட்டா" என்றால் இலத்தீன் மொழியில் உயிர். "அமைன்" என்பது நைட்ரஜன் அடங்கிய ஒருவகை வேதிப்பொருள். உயிருக்கு இன்றியமையாத அமைன் என்று கருதி இரண்டையும் ஒட்டினார். பின்னர் வந்த ஆராய்ச்சியில், இவ்வகைப் பொருள்களுள் பல அமைன்களே அல்ல என்று வெளிப்பட்டது. என் செய்வது? சொல்லோ ஊரெங்கும் பரவிவிட்டது. 1920-இல் ஜாக் டிரம்மண்ட் என்ற ஆங்கிலேய அறிஞர், சொல்லின் இறுதியிலிருந்த ஓர் ஆங்கில எழுத்தை நீக்கிவிட்டால் அமைன் என்ற பொருள் மறைந்துபோகும் என்றார். அவ்வாறே நீக்கினர். சில இடங்களில் வைட்டமின் என்றும் சில இடங்களில் விட்டமின் என்றும் ஒலிப்பது குறித்துச் சிலர் சண்டையிடுவதைக் கண்டிருக்கிறேன். அமெரிக்கர் முன்னதையும் இங்கிலாந்தினர் பின்னதையும் வழங்குகின்றனர், இரண்டும் சரியே.

தமிழில் இதற்கு உயிர்ச்சத்து என்று பெயரிட்டுள்ளனர். நல்ல பெயர்தான். ஆயினும் அப்பெயரைக் கேட்டவுடன், உயிரைத் தாங்கும் வலிமை முழுவதும் இதிலேயே உள்ளது என்ற மயக்கம் உண்டாகிறது. வலிமைக்கு வேண்டிய எரிபொருள் அரிசி, கம்பு, எண்ணெய், பருப்பு முதலியவற்றிலிருந்து வருவது. வைட்டமின் எரிபொருள் அன்று. உடம்பு தானே ஆக்கிக்கொள்ள முடியாமல், அல்லது போதிய அளவு ஆக்கிக்கொள்ள முடியாமல், உணவிலிருந்து மிகச் சிறு அளவில் பெறவேண்டிய பொருள் எதுவோ அதுவே வைட்டமின். இதில் "மிகச் சிறு அளவில்" என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

உழவர்க்கு இதனை வயலிலிருந்தே விளக்கலாம். நெல்லுக்கு யூரியாவும் பொட்டாஷும் மூட்டை மூட்டையாக இடுகிறோம். துத்தநாகக் குறை உள்ள நிலத்தில் இலை பழுப்பேறிப் பயிர் குன்றினால், ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டு இடுமாறு வேளாண்மைத் துறையினர் சொல்கின்றனர். அக்குறையை இன்னும் இரண்டு மூட்டை யூரியா போட்டுத் தீர்க்க முடியுமா? முடியாது. அதுபோலவே, துத்தநாகம் நல்லதென்று அதனையே மூட்டையாகக் கொட்டி யூரியாவை நிறுத்தினால் விளைச்சல் வருமா? அதுவும் வராது. நுண்ணூட்டத்தின் வேலை வேறு, பேரூட்டத்தின் வேலை வேறு. வைட்டமின்கள் மனித உடம்பின் நுண்ணூட்டங்கள். பசித்த பிள்ளைக்கு வைட்டமின் மாத்திரை கொடுப்பது எரு இடாத வயலுக்கு ஜிங்க் சல்பேட்டு மட்டும் தூவுவது போன்றது.

இனி எழுத்துகளுக்கு வருவோம். ஏ, பி, சி, டி, ஈ, கே என்று பெயர்கள் உள்ளன. பி என்பது தனியொன்றன்று. எட்டுப் பேர் கொண்ட குடும்பம். ஆக மொத்தம் 13. இடையே சில எழுத்துகள் விடுபட்டிருப்பதற்குக் காரணம், அப்பெயர் சூட்டிய பொருள்கள் பிறகு பி குடும்பத்தைச் சேர்ந்தவை என்றோ வைட்டமினே அல்ல என்றோ தெரிந்து நீக்கப்பட்டதுதான். சி என்பது கொய்யாவிலும் நெல்லிக்காயிலும் எலுமிச்சையிலும் இருப்பது. அது குறைந்தால் ஈறு வீங்கி இரத்தம் கசியும். சமைத்தால் பெரும்பகுதி அழியும். டி என்பது வெயில் தோலிற் படும்போது உடம்பிலேயே உண்டாவது. பி12 பாலிலும் முட்டையிலும் இறைச்சியிலும் மீனிலும் உண்டு. கீரையிலும் தானியத்திலும் இல்லை. ஒன்றன் வேலையை மற்றொன்று செய்யாது. ஆகையால் எழுத்தின்றி வைட்டமின் என்று மட்டும் சொல்வது, "துறையிலிருந்து அதிகாரி வந்தார்" என்று சொல்வதற்கு ஒப்பானது. எந்தத் துறை, எந்த அதிகாரி, எதற்கு வந்தார் என்று நீங்கள் கேட்பீர்கள் அல்லவா? மருத்துவர் வைட்டமின் குறைவு என்றால், எந்த வைட்டமின், எந்த உணவில் அது உண்டு என்று அவ்வாறே கேட்க வேண்டும். கேட்பது அவமரியாதை அன்று.

பி1 பற்றி மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்; ஏனெனில் அது நம் நெல்லின் கதை. எய்க்மானின் கோழிகளைக் காத்தது இதுவே. அக்காலச் சென்னை மாகாணத்தின் வடக்கே, இன்று ஆந்திரக் கடற்கரையாக உள்ள வடசர்க்கார் மாவட்டங்களில், பெரிபெரி பரவலாக இருந்தது. தெற்கே தமிழ் மாவட்டங்களிலும் அரிசியே உணவு. எனினும் அந்நோய் இங்கு அரிது. அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி. இங்கே புழுங்கல் அரிசி. குன்னூரில் உணவு ஆராய்ச்சி நடத்திய ராபர்ட் மெக்காரிசன் முதலியோர் இவ்வேறுபாட்டை ஆராய்ந்தனர். நெல்லை உமியோடு அவிக்கும்போது, தவிட்டுப் படலத்திலுள்ள பி1 நீரோடு கலந்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் ஒரு பகுதி தங்கிவிடுகிறது. நெல் அவித்த நம் பாட்டிமார் வைட்டமின் என்ற சொல்லைக் கேட்டதில்லை, நோயைத் தடுத்துவந்தனர். அந்தக் குன்னூர் ஆராய்ச்சிக் கூடமே பின்னர் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. மற்றொரு செய்தியும் உண்டு. பி1 வைட்டமினை வேதிமுறையில் முதன்முதல் ஆக்கிக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர் 1886-இல் பிறந்தது நம் பழைய சென்னை மாகாணத்து நெல்லூரில். அரிசியைப் பல முறை அலசி அந்த நீரைக் கொட்டுவதாலும், சோறு வடித்த கஞ்சியைச் சாக்கடையில் விடுவதாலும் இந்தச் சத்துத்தான் போகிறது. கஞ்சியை மாட்டுக்காவது வையுங்கள். நாமே குடித்தால் இன்னும் நன்று.

இப்போது ஏ வைட்டமினுக்கு வருகிறேன். நான் முக்கியமாகப் பேச வந்தது இதனைப் பற்றியே.

பொழுது சாய்ந்தபின் பிள்ளை தட்டுத்தடுமாறுகிறது. வட்டிலில் இருக்கும் சோற்றைக் கை தேடுகிறது. மற்றப் பிள்ளைகள் விளையாட, இது தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இதனை மாலைக்கண் என்று நம் மக்கள் நெடுங்காலமாக அறிவர். மங்கிய ஒளியில் பார்ப்பதற்குக் கண்ணின் உள்திரையில் ஒரு நிறப்பொருள் வேண்டும். அப்பொருளை ஆக்க ஏ வைட்டமின் வேண்டும். அது குறைந்தால் முதலில் அந்திப் பார்வை போகும். அடுத்து வெள்விழியில் நுரைபோன்ற சாம்பல் நிறத் திட்டு தோன்றும். கண் தன் ஈர மினுமினுப்பை இழந்து வறளும். அதன் பின்னும் கவனியாவிட்டால் கருவிழி மென்மையாகிக் கரைந்துபோகும். அந்நிலையில் பார்வையை மீட்க இயலாது. இந்தக் கடைசிப் படி சில நாட்களுக்குள்ளேயே நேரலாம். குறிப்பாக, மெலிந்த பிள்ளைக்கு மணல்வாரி அம்மையோ நீடித்த வயிற்றுப்போக்கோ வந்தால் மிக விரைவில் நேரும். "அம்மை கண்ணைப் பறித்துவிட்டது" என்று ஊரார் சொல்வதுண்டு. அம்மை மட்டும் பறிக்கவில்லை. ஏற்கெனவே காலியாக இருந்த இருப்பை அது முற்றிலும் துடைத்துவிட்டது என்பதே உண்மை.

இவ்வாறு கண்ணிழந்து வந்த குழந்தைகளை 1960, 1970-களில் மதுரை மருத்துவர்கள் மிகுதியாகக் கண்டனர். அவர்களுள் ஒருவர், பின்னாளில் 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி. மதுரையில் இக்குழந்தைகளுக்கென்று ஓர் ஊட்டச்சத்து மறுவாழ்வு நிலையம் நடத்தப்பட்டது. அதைப் பற்றி அவரும் அவருடைய தோழர்களும், ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து துணைநின்ற அன்டோனெட் பிரீ என்ற அம்மையாரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1976-இல் இலண்டன் லான்செட் இதழில் வெளிவந்தது. மருந்து கொடுத்து அனுப்பிவிடுவதோடு நில்லாமல், உள்ளூரில் மலிவாகக் கிடைக்கும் தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றால் பிள்ளையைத் தேற்றித் தாய்க்கும் அச்சமையலைக் கற்பிப்பதே இத்தகைய நிலையத்தின் நோக்கம். கண்ணைப் பார்க்கும் மருத்துவர்கள் அடுப்பைப் பார்க்கவேண்டி வந்ததற்குக் காரணம், நோயின் வேர் அங்கே இருந்ததுதான்.

1980-இல் உலக வங்கியின் கடனுதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோதும், முதலில் எடுத்துக்கொண்ட பகுதி மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியம். மாதந்தோறும் குழந்தையை எடை போடுவதும், ஏ வைட்டமின் மருந்து அளிப்பதும் அத்திட்டத்தில் அடங்கியிருந்தன.

இதுவரை ஏ வைட்டமின் கண்ணுக்குரியது என்ற அளவிலேயே பேசப்பட்டது. இச்சொல்லின் பொருளை விரித்த செய்தி 1990-இல் வந்தது. அதுவும் தமிழ்நாட்டிலிருந்தே வந்தது. மதுரை அரவிந்த் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் அவருடைய குழுவினரும் திருச்சி மாவட்டச் சிற்றூர்களில் 15,419 சிறு குழந்தைகளை ஓராண்டு கவனித்தனர். வாரம் ஒருமுறை வீடு தேடிச் சென்று, ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு ஏ வைட்டமின் கலந்த சொட்டு மருந்தும், மற்றப் பிரிவினருக்கு அது கலவாத மருந்தும் கொடுத்தனர். ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைவாக இருந்தது. கண்ணின் மருந்து என்று கருதிய ஒன்று உயிரையே காத்தது! குடலிலும் மூச்சுக்குழலிலும் உள்ள மென்படலத்தைச் செம்மையாக வைத்திருப்பதும், நோயை எதிர்க்கும் ஆற்றலைத் தாங்குவதும் அதன் வேலைகள் ஆதலால், வயிற்றுப்போக்கும் அம்மையும் வந்தாலும் பிள்ளை தாங்கிக்கொள்கிறது.

வாரம் கொடுத்த அளவு எவ்வளவு என்று அறிந்தால் வியப்பீர்கள். 8,333 ஐ.யூ. இந்த ஐ.யூ. என்பதும் மருந்துப் புட்டியில் நீங்கள் காணும் சொல்தான். பன்னாட்டு அலகு என்று பொருள். ஏ வைட்டமினைப் பொறுத்தவரை ஓர் அலகு ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் 0.3 பங்கு. ஆகவே அந்த 8,333 அலகும் சேர்ந்து 2.5 மில்லிகிராம். ஓர் அரிசியின் எடையில் நான்கில் ஒரு பங்கும் இராது. அரிசியைத் தராசில் வைத்து ஆழாக்குக் கணக்கில் அளந்து பழகிய நமக்கு, இவ்வளவு சிறியதொன்று பிள்ளையின் வாழ்வைத் தீர்மானிக்கும் என்பதை நம்புவது கடினம். அதனால்தான் "மிகச் சிறு அளவில்" என்பதை அடிக்கோடிடச் சொன்னேன்.

உண்மையை மறைக்கலாகாது. எல்லா இடத்திலும் இதே பயன் கிடைக்கவில்லை. உத்தரப்பிரதேசத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் குழந்தைகளிடையே நடத்தி 2013-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் இறப்புக் குறைவு 4 விழுக்காடு அளவிலேயே இருந்தது. அறிஞர்கள் இதுபற்றி வாதிட்டு வருகின்றனர். நான் எடுத்துக்கொள்ளும் பொருள் இது: குறை மிகுந்த இடத்தில் மருந்தின் பயன் மிகும், குறை சிறுத்த இடத்தில் பயனும் சிறுக்கும். துத்தநாகம் குறையாத வயலில் ஜிங்க் சல்பேட்டு போட்டால் விளைச்சல் கூடுமா? சொட்டு மருந்து வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. அடுப்பில் வேகும் உணவு மாறும்வரை இடையில் நின்று காக்கும் வேலி அது. வேலியே பயிராகிவிடாது.

அடுப்பில் வேகவேண்டியது யாது? ஈரலிலும் முட்டையின் மஞ்சட் கருவிலும் பாலிலும் ஏ வைட்டமின் அப்படியே உள்ளது. கீரையிலும் மஞ்சள் நிறப் பழத்திலும் உள்ளது கரோட்டின் என்னும் நிறப்பொருள். உடம்பு அதனை ஏ வைட்டமினாக மாற்றிக்கொள்கிறது. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, பொன்னாங்கண்ணி, பப்பாளி, மாம்பழம், பரங்கிக்காய் ஆகியவை இவ்வகையில் சிறந்தவை. கரோட்டினும் ஏ வைட்டமினும் எண்ணெயில் கரைபவை. ஆதலால் கீரையை வெறும் நீரில் அவித்துக் கொடுப்பதைவிட, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுத் தாளித்துப் பருப்போடு மசித்துக் கொடுப்பது பயன் தரும்.

இவற்றுள் நம்மிடம் இல்லாதது எது? முருங்கை இல்லாத ஊர் மதுரை வட்டாரத்தில் இல்லை. சோழவந்தான் பக்கம் போனால் வெற்றிலைக் கொடிக்கால்தோறும் கொடி படர அகத்தியை நட்டிருப்பார்கள். அந்த அகத்திக்கீரை கட்டுக் கட்டாக ஆட்டுக்கும் மாட்டுக்கும் போகிறது. ஆடு கொழுக்கிறது, கொடிக்காலில் வேலை செய்பவரின் பிள்ளைக்கு அது கிடைப்பதில்லை. கேட்டால், சிறு பிள்ளைக்குக் கீரை ஆகாது, வயிறு கழியும் என்கின்றனர். மணலும் நாரும் நீக்கி நன்றாக வேகவைத்து மசித்த கீரை பிள்ளைக்கு ஆகும். ஆறு மாதம் நிறைந்து சோறு ஊட்டத் தொடங்கும்போது ஒரு தேக்கரண்டி கீரை மசியலில் ஆரம்பித்துச் சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

வைட்டமின் என்ற சொல்லை விற்போரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாலில் கலக்கும் இனிப்பு மாவின் டப்பா மீது இத்தனை வைட்டமின் அத்தனை வைட்டமின் என்று எழுதியிருப்பதைக் காண்கிறீர்கள். அதே டப்பாவின் பின்புறத்தில் சேர்ந்துள்ள பொருள்களின் பட்டியல் இருக்கும். எது எடையில் மிகுதியோ அது முதலில் எழுதப்பட வேண்டும் என்பது சட்டம். சர்க்கரை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மறுபுறம், எண்ணெய், பால், உப்பு போன்ற சிலவற்றின் உறையில் கூட்டல் குறியோடு எஃப் என்ற ஆங்கில எழுத்து அச்சிட்டிருப்பதையும் காணலாம். அது செறிவூட்டிய பொருள் என்பதற்கான அரசு முத்திரை. எண்ணெயாயின் ஏ, டி ஆகிய இரண்டும் சேர்த்திருக்கும். முன்னது விளம்பரம், பின்னது வரையறைக்கு உட்பட்ட அளவு. இரண்டையும் ஒன்றாகக் கருத வேண்டாம்.

மிகுதியாகக் கொடுத்தால் நல்லதுதானே என்று கேட்போர் உண்டு. பி, சி ஆகியவை நீரில் கரைந்து பெரும்பாலும் கழிந்துபோகும். ஏ அப்படியன்று; ஈரலில் தங்கும். அளவு மீறினால் தலைவலியும் வாந்தியும் வரும், ஈரல் கெடும். கருவுற்ற பெண் பேரளவில் உட்கொண்டால் வயிற்றிலுள்ள சிசுவுக்குக் கேடு நேரலாம். ஆதலால் ஊருக்கு வரும் ஏ மருந்தை, மிஞ்சியிருக்கிறது என்று கருதிக் கூடுதலாக ஊற்றுவதோ பெரியவர்கள் குடிப்பதோ கூடாது. கீரையையும் பழத்தையும் உண்பதால் இந்த ஆபத்து இல்லை. உடம்பு தனக்கு வேண்டிய அளவே கரோட்டினை மாற்றிக்கொள்ளும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் அறிந்திருக்க வேண்டிய கணக்கைச் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு ஒன்பது மாதம் நிறைந்ததும் தட்டம்மைத் தடுப்பூசியோடு முதல் தவணை ஏ மருந்து. அது 1 இலட்சம் ஐ.யூ., அதாவது 1 மில்லிலிட்டர். அதன்பின் ஒன்றரை வயதில் தொடங்கி ஆறு மாதத்திற்கு ஒருமுறை 2 இலட்சம் ஐ.யூ., அதாவது 2 மில்லிலிட்டர், ஐந்து வயது வரை. மொத்தம் ஒன்பது தவணை. மருந்தோடு வரும் கரண்டியில் இரண்டு கோடுகள் உண்டு. அரைக்கோடு 1 மில்லி, முழுக்கோடு 2 மில்லி. வேறு கரண்டியால் அளக்கலாகாது. புட்டியை வெயிலில் வைத்தால் மருந்தின் சத்து அழியும்.

முதல் தவணை தடுப்பூசியோடு சேர்ந்துவிடுவதால் பெரும்பாலும் தவறுவதில்லை. தவறுவது பின்னால் வரும் எட்டுத் தவணைகளே. செங்கற் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு வெளியூர் போகிறவர்களின் பிள்ளைகளுக்கும், ஊருக்கு ஒதுக்குப்புறமான குடியிருப்பிலுள்ள பிள்ளைகளுக்கும் அவை தவறுகின்றன. அவர்களுக்கே அது மிகவும் வேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளரும் கிராமச் செவிலியரும் வந்திருக்கும்போது, "எல்லோருக்கும் வைட்டமின் கொடுத்தாயிற்றா?" என்று கேட்காதீர்கள், ஆயிற்று என்ற விடைதான் வரும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பதிவேட்டைத் திறக்கச் சொல்லி, சென்ற ஆறு மாதத்தில் ஏ வைட்டமின் தவணை பெறாதவர் யார் யார், அவர்கள் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று பெயர் பெயராகக் கேளுங்கள்.